பலத்த காயமடைந்த 6 வயதுச் சிறுமி: எந்தப் படம், எந்த வரிசையில், எதற்காக?

பலத்த காயத்துடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்குத் தலை முதல் இடுப்பு வரை ஒரே தடவையில் சிடி ஸ்கேன் எடுத்துவிடுவது பெரியவர்களின் சிகிச்சையில் பல மையங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைக் குழந்தைகளிடம் அப்படியே கொண்டுவருவது தவறு என்பது என் உறுதியான கருத்து. கதிர்வீச்சுக்கு அஞ்சித் தேவையான சிடியைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு தவறுதான். தலை, கழுத்து, மார்பு, வயிறு, இடுப்பு, கை கால் என ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கேள்வி எழுப்பி, அந்தப் படம் சிகிச்சையில் எதை மாற்றப் போகிறது என்பதற்குப் பதில் கிடைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இங்கு வரும் சிறுமி குறிப்பிட்ட எந்த நோயாளியும் அல்லள்; குழந்தை விபத்துச் சிகிச்சையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல்களை ஓரிடத்தில் வைத்துப் பேசுவதற்காகக் கற்பித்தல் நோக்கில் அமைக்கப்பட்ட நிகழ்வு இது. மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளும் நெறிமுறைகளும் மட்டும் மெய்யானவை.

நிகழ்வு

சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தூக்கி வீசப்பட்ட 6 வயதுச் சிறுமி, விபத்து நடந்து ஏறத்தாழ 40 நிமிடங்களில் ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்டாள். எடை 20 கிலோ. விபத்துக்குப் பிறகு சிறிது நேரம் நினைவின்றிக் கிடந்ததாக உடன் வந்தவர்கள் கூறினர். கழுத்து அசையாதபடி பிடிக்கப்பட்டிருந்தது. இடது தொடை வளைந்து வீங்கியிருந்தது.

மூச்சுப்பாதை திறந்திருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 32. ஆக்ஸிஜன் கொடுத்த நிலையில் ரத்த ஆக்ஸிஜன் செறிவு 95 சதவீதம். இடது மார்பின் கீழ்ப்பகுதியில் மூச்சொலி சற்றுக் குறைந்திருந்தது. அதே பக்கத்தில் தோல் சிராய்ப்பும் இருந்தது. நாடித்துடிப்பு 148, ரத்த அழுத்தம் 94/58. கைகள் குளிர்ந்திருந்தன, நெஞ்சுத் தோலை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 4 வினாடி ஆனது. உணர்வு நிலையை 3 முதல் 15 வரை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 11: கண் 3, பேச்சு 3, அசைவு 5. இரு கண்மணிகளும் சம அளவில் இருந்து வெளிச்சத்துக்குச் சுருங்கின. இடது பக்கவாட்டு மண்டையில் 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு மெத்தென்ற வீக்கம். இடது விலாவுக்குக் கீழே சிராய்ப்பு. அங்கே தொட்டால் சிறுமி முகத்தைச் சுளித்தாள். காலில் நாடி நன்றாகத் தெரிந்தது. வலி காரணமாக இடது காலை அசைக்கவில்லை. மற்ற மூன்று கை கால்களும் அசைந்தன.

94 என்ற மேல் ரத்த அழுத்தத்தைப் பார்த்து யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இந்த வயதில் மேல் அழுத்தத்தின் கீழ் வரம்பைக் கணக்கிட 70உடன் வயதின் இரு மடங்கைக் கூட்டுவது வழக்கம். அதன்படி 82 வருகிறது, சிறுமி அதற்கு மேலேதான் இருந்தாள். ஆனால் குழந்தையின் ரத்தக் குழாய்கள் இறுக்கமாகச் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ரத்தத்தில் கால் பங்குக்கு மேல் இழந்த பின்னும் அழுத்தம் இயல்பாகத் தோன்றலாம். நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) குறியீடு இங்கே 1.57. 4 முதல் 6 வயது வரையில் 1.22ஐத் தாண்டினாலே கவலைக்குரியது. நாடியும் குளிர்ந்த கைகளும் இந்தக் குறியீடும் சேர்ந்து, ரத்தம் எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டன. தொடை எலும்பு முறிவு ஒரு காரணம். வயிறு இன்னொன்றாக இருக்கலாம்.

படம் எடுப்பதற்கு முன்

எந்தப் படத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியவை செய்யப்பட்டன. இரண்டு ஊசிவழிகள் போடப்பட்டு, கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் என்ற கணக்கில் 200 மில்லிலிட்டர் ரத்தம் ஏற்றப்பட்டது. விபத்து நடந்து 3 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன்தரும், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் 300 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. வலி மருந்துக்குப் பிறகு தொடைக்கு இழுவைச் சட்டம் பொருத்தப்பட்டது. நாடித்துடிப்பு 124க்கு இறங்கியது. தோலின் நிறம் 2 வினாடியில் திரும்பியது. அழுத்தம் 100/60 ஆனது.

இந்த முன்னேற்றத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் சிடி அறைக்குச் செல்லும் தகுதி இதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ரத்தம் ஏற்றியும் நாடி இறங்காமல் அழுத்தம் சரியத் தொடங்கியிருந்தால், படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் ரத்தம் தெரிந்ததும் நேராக அறுவை அரங்குக்குச் சென்றிருக்க வேண்டும். நிலைகுலைந்துகொண்டிருக்கும் குழந்தையைப் படத்துக்காகச் சிடி மேசையில் கிடத்துவது ஆபத்தானது. அங்கே உடலை எட்டித் தொடுவதே கடினம். ஏற்றிய ரத்தத்துக்கு உடல் ஒத்துழைத்ததால்தான் இந்தச் சிறுமியிடம் தேர்ந்தெடுத்துப் படம் எடுக்கும் அவகாசம் கிடைத்தது.

கிளாஸ்கோ 11 என்பதால் சிடிக்கு முன் மயக்கமளித்து மூச்சுக்குழாய் பொருத்தலாமா என்ற பேச்சும் எழுந்தது. மூச்சுப்பாதை தடையின்றி இருந்தது, மதிப்பெண் இறங்கவில்லை, ரத்த ஓட்டம் இப்போதுதான் சீராகத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்தில் மயக்க மருந்து கொடுத்தால் அழுத்தம் சரியும் அபாயம் உண்டு. இன்றைய சிடி கருவிகள் வினாடிக் கணக்கில் படமெடுத்து முடிப்பதால், வலி அடங்கி அருகில் பழகிய குரல் ஒன்று பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலான குழந்தைகள் அந்தச் சில வினாடிகள் அசையாமல் இருந்துவிடுகிறார்கள். மூச்சுக்குழாய் பொருத்துவதற்கான கருவிகளும் அதில் தேர்ந்த மருத்துவரும் உடன் செல்வது என்று முடிவானது.

படுக்கையருகே இரண்டு படங்கள்

முதலில் மார்பு எக்ஸ்ரே. இடது கீழ்ப்பகுதியில் மங்கலான நிழல் ஒன்று நுரையீரல் கன்றிப்போனதைக் காட்டியது. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ குறிப்பிடத்தக்க ரத்தமோ இல்லை. இதயத்தை ஒட்டிய நடுப்பகுதி அகலமாக இல்லை. விலா எலும்பு முறிவு தெரியவில்லை. முறிவு இல்லாததை வைத்து மோதல் லேசானது என்று கருதக் கூடாது. குழந்தையின் விலா எலும்புகள் வளைந்து கொடுப்பவை. அவை முறியாமலேயே உள்ளிருக்கும் நுரையீரல் நசுங்கிவிடும். முறிந்திருந்தால் மிகப் பெரிய விசை தாக்கியிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஃபாஸ்ட் எனப்படும் படுக்கையருகு அல்ட்ராசவுண்ட். இதய உறை, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் இடையே, அடிவயிறு ஆகிய நான்கு இடங்களிலும் ரத்தம் தெரியவில்லை. இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஃபாஸ்ட் சுத்தமாக இருக்கிறது என்றால் வயிறும் பாதுகாப்பாக இருக்கிறது என்று குழந்தைகளிடம் சொல்ல முடியாது. மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தும், உறுப்பின் உறைக்குள்ளேயே ரத்தம் அடங்கி வெளியே தேங்காமல் இருக்கும் நேர்வுகள் அவர்களிடம் கணிசமாக உண்டு. ரத்த ஓட்டம் சீராக இருந்த 925 குழந்தைகளை ஃபாஸ்ட் செய்யும் குழு, செய்யாத குழு எனக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. வயிற்றுக்குச் சிடி எடுக்கப்பட்டவர்கள் முதல் குழுவில் 52.4 சதவீதம், இரண்டாவது குழுவில் 54.6 சதவீதம், இந்த வித்தியாசத்துக்குப் புள்ளியியல் மதிப்பு இல்லை. நிலைகுலைந்த குழந்தையை அறுவை அரங்குக்கு அனுப்பும் முடிவில்தான் ஃபாஸ்டின் பலம் இருக்கிறது. நிலையாக இருக்கும் குழந்தையிடம் அது ஒரு துணைச் செய்தி மட்டுமே. அதை வைத்துச் சிடியைக் கைவிடக் கூடாது.

இடுப்புக்குத் தனி எக்ஸ்ரே எடுக்கப்படவில்லை. வயிற்றுச் சிடி எடுக்கப்போகிறோம் என்றால் இடுப்பு எலும்பு அதிலேயே தெளிவாக விழும்.

தலை

தலைக்குச் சிடி தேவை என்பதில் குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே ஒரு தவறான வாதம் அடிக்கடி கேட்கப்படுகிறது: ‘பெகார்ன் விதிப்படி பார்ப்போம்’ என்பது. பெகார்ன் என்பது குழந்தைகளின் அவசர சிகிச்சையை ஆராயும் அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு. அதன் தலைக்காய விதி 2009இல் 42,412 குழந்தைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அவர்கள் அனைவரும் கிளாஸ்கோ 14 அல்லது 15 உள்ளவர்கள். லேசான தலைக்காயத்தில் யாருக்குச் சிடி தேவையில்லை என்று சொல்வதற்காகப் பிறந்த விதி அது. கிளாஸ்கோ 11 உள்ள குழந்தைக்கு அது பொருந்தவே பொருந்தாது. முதல் பரிசோதனையில் மதிப்பெண் 14க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் தலைச் சிடி எடுக்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்திருக்கிறது. இங்கே பின்பற்ற வேண்டியது அதுதான்.

கதிர்வீச்சு அச்சத்தை எண்களோடு வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். பிரிட்டனில் சிறு வயதில் சிடி எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான பெரிய ஆய்வு, 10 வயதுக்குள் தலைச் சிடி எடுக்கப்பட்ட 10,000 குழந்தைகளில், அடுத்த 10 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்று மதிப்பிட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் அபாயம் தொடரக்கூடும் என்பதால் இது முழுக் கணக்கு ஆகாது. இருந்தாலும் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கிறது. பெகார்ன் ஆய்வில் 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் கிளாஸ்கோ 14, உணர்வு மாற்றம், மண்டை அடித்தள முறிவின் அறிகுறி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே முக்கியமான மூளைக் காயத்தின் வாய்ப்பு 4.3 சதவீதம், அதாவது 10,000இல் 430. கிளாஸ்கோ 11இல் அது இன்னும் அதிகம். மறுபுறம், விதியின் எந்தக் கூறும் இல்லாத குழந்தையிடம் அந்த வாய்ப்பு 0.05 சதவீதத்துக்கும் கீழே, 10,000இல் 5 பேருக்கும் குறைவு. அங்கேதான் சிடியின் தீங்கும் நன்மையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்து நிற்கின்றன. கதிர்வீச்சைக் காரணம் காட்டித் தயங்க வேண்டிய இடம் அந்தக் குழந்தை. இந்தச் சிறுமி அல்லள்.

கழுத்து

இந்த நிகழ்வில் மிக நீண்ட விவாதம் கழுத்தைப் பற்றியே நடந்தது, அது நியாயமும்கூட. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது. கழுத்துத் தசைநார்கள் தளர்ந்தவை. 8 வயதுக்குக் கீழே கழுத்து மடங்கும் மையம் மேல் முள்ளெலும்புகளில் அமைந்திருக்கிறது. எனவே காயமும் மேலேதான் அதிகம் வருகிறது. எலும்பு முறியாமல் தசைநாரோ தண்டுவடமோ மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. அந்தப் பாதிப்பைச் சிடி காட்டாது. அதே கழுத்தில், கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் தைராய்டு சுரப்பியும் இருக்கிறது.

2024இல் வெளியான பெகார்ன் கழுத்துக்காய விதி 22,430 குழந்தைகளை ஆராய்ந்தது; அவர்களில் 433 பேருக்கு, அதாவது 1.9 சதவீதத்தினருக்கு, கழுத்து முள்ளெலும்புக் காயம் இருந்தது. கிளாஸ்கோ 3 முதல் 8 வரை, மூச்சுப்பாதை அல்லது மூச்சு அல்லது ரத்த ஓட்டத்தில் கோளாறு, குறிப்பிட்ட நரம்புக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் சிடி என்றும், கிளாஸ்கோ 9 முதல் 14 வரை, கழுத்து வலி, கழுத்தின் நடுக்கோட்டில் தொட்டால் வலி, தலையிலோ உடற்பகுதியிலோ பெருங்காயம் ஆகியவை இருந்தால் முதலில் எக்ஸ்ரே என்றும் அது பிரிக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் சிறுமி எக்ஸ்ரே பிரிவில் விழுகிறாள். வரும்போதிருந்த ரத்த ஓட்டக் கோளாற்றைச் சேர்த்தால் சிடி பிரிவுக்குப் போகிறாள். நைஸ் நெறிமுறையோ மதிப்பெண் 12 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே கழுத்துக்குச் சிடி என்கிறது.

குழுவில் ஒருவர் எக்ஸ்ரேயே போதும் என்றார்: ரத்த ஓட்டம் திருந்திவிட்டது, கை கால்கள் அசைகின்றன, தைராய்டு வீணாகக் கதிர்படுகிறது, சிடி எப்படியும் தசைநாரைக் காட்டாது. மற்றவர்கள் சிடி என்றனர்: சிறுமி சரியாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை, தொடைக்கு விரைவில் மயக்க மருந்துடன் அறுவைச் சிகிச்சை வரும், படுத்த நிலையில் இந்த வயதில் மேல் முள்ளெலும்புகள் எக்ஸ்ரேயில் தெளிவாக விழுவது அரிது, தலைக்கு எப்படியும் அதே மேசையில் படுக்கப்போகிறாள். இரண்டாவது கருத்தே நடைமுறைக்கு வந்தது. நானும் அதையே ஏற்பேன். மாற்றுக் கருத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தது சரியான செயல். கிளாஸ்கோ 14 ஆக இருந்து, தெளிவாகப் பேசி, ஷாக் இல்லாமல் வந்திருந்தால் அந்த மாற்றுக் கருத்தே வென்றிருக்க வேண்டும்.

மார்பு

மார்புக்குச் சிடி எடுக்கப்படவில்லை. சிறுமியின் தந்தை அந்த நேரத்தில் கேட்டார்: “டாக்டர், எப்படியும் ஸ்கேனுக்குப் போறோம். தலை, வயிறுன்னு பிரிக்காம முழு உடம்பையும் ஒரே தடவையில எடுத்துட்டா எதுவும் விட்டுப்போகாதே?” அவருடைய கவலை நேர்மையானது, மருத்துவர்களும் உள்ளூர இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள். அவருக்குக் கொடுத்த பதில் இது: மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்த கன்றலுக்குச் சிகிச்சை ஆக்ஸிஜன், வலி மருந்து, கவனிப்பு. சிடி அந்தக் கன்றலை இன்னும் துல்லியமாகக் காட்டும், ஆனால் சிகிச்சை அதேதான். இதயத்திலிருந்து வெளிவரும் பெருந்தமனி கிழிவது குழந்தைகளில் மிக அரிது. அதற்கான அடையாளம் எக்ஸ்ரேயில் இல்லை. நுரையீரலின் அடிப்பகுதி வயிற்றுச் சிடியின் மேல் பகுதியில் எப்படியும் பதிவாகும்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறது. பெரியவர்களிலேயே, உடனடி முழு உடல் சிடியையும் தேர்ந்தெடுத்த படங்களையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ரியாக்ட்-2 ஆய்வில் மருத்துவமனை மரண விகிதம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ 16 சதவீதம், வேறுபாடு இல்லை. குழந்தைகளில், அமெரிக்காவின் தேசிய விபத்துத் தரவு வங்கியிலிருந்து 42,912 பேரின் தரவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வும் முழு உடல் சிடியால் மரணம் குறைந்ததாகக் காணவில்லை. இது குலுக்கல் ஆய்வு அன்று, தரவுப் பகுப்பாய்வு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் 2014இல் வெளியிட்ட குழந்தை விபத்து நெறிமுறையும் முழு உடல் சிடியை வழக்கமாக்க வேண்டாம் என்றும், மார்புக்கு முதலில் எக்ஸ்ரே என்றும் சொல்கிறது.

குத்துக் காயம், நடுமார்பு அகன்ற எக்ஸ்ரே, காரணம் புரியாத ஆக்ஸிஜன் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் பதில் மாறியிருக்கும்.

வயிறு

வயிற்றுக்குச் சிடி எடுப்பதற்குக் காரணங்கள் குவிந்திருந்தன. 12,044 குழந்தைகளைக் கொண்டு 2013இல் வெளியான பெகார்ன் வயிற்றுக்காய விதி ஏழு கூறுகளைப் பார்க்கிறது: வயிற்றுச் சுவரில் காயம் அல்லது சீட் பெல்ட் தழும்பு, கிளாஸ்கோ 13 அல்லது அதற்குக் கீழ், தொட்டால் வலி, மார்புச் சுவரில் காயம், வயிற்று வலி, மூச்சொலிக் குறைவு, வாந்தி. ஏழும் இல்லை என்றால் தலையீடு தேவைப்படும் வயிற்றுக் காயத்தின் வாய்ப்பு 0.1 சதவீதம் மட்டுமே. சிறுமியிடம் இவற்றில் ஐந்து இருந்தன. இருந்தாலும் இந்த விதியைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது; ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சிடி எடுத்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. யாரை விட்டுவிடலாம் என்பதுதான் அதன் பேச்சு. இங்கே சிடியைத் தேவையாக்கியது ஷாக்கும், தெளிவில்லாத உணர்வும், இடது பக்கச் சிராய்ப்பும் சேர்ந்த நிலை. உணர்வு மங்கிய குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் எதையும் முழுமையாக நம்ப முடியாது.

எடுத்த முறை, எடுக்கும் முடிவைப் போலவே முக்கியமானது. உறுப்புகளைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ரத்தக் குழாய் வழியாகக் கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் என்ற அளவில் 40 மில்லிலிட்டர் செலுத்தப்பட்டு, கல்லீரலும் மண்ணீரலும் நன்கு நிறையும் நேரத்தில் ஒரே ஒரு சுற்றுப் படம் எடுக்கப்பட்டது. கான்ட்ராஸ்ட்டுக்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று, தாமதமாக ஒரு சுற்று என்ற பெரியவர்களின் பழக்கம் குழந்தையின் கதிர்வீச்சை இரண்டு மூன்று மடங்காக்கிவிடும். வாய்வழிக் கான்ட்ராஸ்ட் கொடுக்கவில்லை. அதற்குக் காத்திருக்கும் நேரம் வீண், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயமும் உண்டு. சிடி கருவியின் மின்னழுத்தம் எடைக்கு ஏற்பக் குறைக்கப்பட்டது. கைகள் இரண்டும் படப் பகுதிக்கு வெளியே உயர்த்தி வைக்கப்பட்டன. சிறுமி வளையத்தின் நடு மையத்தில் இருக்கிறாளா என்று சரிபார்க்கப்பட்டது. முதுகெலும்புக்குத் தனிப் படம் எடுக்கப்படவில்லை. வயிற்றுச் சிடியின் தரவிலிருந்தே கீழ் முதுகெலும்பின் படங்கள் உருவாக்கப்பட்டன.

இந்தக் கவனங்களோடு எடுத்தால் உடல் பெறும் கதிர்வீச்சு தலைச் சிடிக்கு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட்டும், வயிற்றுச் சிடிக்கு அதைவிடச் சில மடங்கும் ஆகும்; கருவிக்குக் கருவி இது மாறும். மார்பு எக்ஸ்ரே 0.02 மில்லிசீவர்ட் அளவுதான். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட்.

முடிவுகள்

வந்து 35 நிமிடங்களில் சிடி தொடங்கியது. தலையில் இடது பக்கவாட்டு எலும்பில் நேர்கோட்டு முறிவு. அதன் அடியில் மூளையுறைக்கு வெளியே 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு ரத்தக்கட்டு. மூளையின் நடுக்கோடு விலகவில்லை. வயிற்றில் மண்ணீரலில், ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலைக் கிழிசல். கான்ட்ராஸ்ட் மருந்து வெளியே பீறிடவில்லை. மண்ணீரலைச் சுற்றியும் அடிவயிற்றிலும் சிறிதளவு ரத்தம். ஃபாஸ்ட் செய்தபோது தெரியாத ரத்தம்தான் இது. சிறுநீரகம், கணையம், குடல், இடுப்பெலும்பு, முதுகெலும்பு இயல்பு. நுரையீரலின் அடிப்பகுதியில் எக்ஸ்ரே சொன்ன அதே கன்றல்.

கழுத்தில் முறிவு இல்லை. இரண்டாம் முள்ளெலும்பு மூன்றாவதன் மேல் 2 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்திருப்பது போலத் தெரிந்தது. 8 வயதுக்குக் கீழே தளர்ந்த தசைநார்களால் காணப்படும் இயல்பான தோற்றம் அது. முள்ளெலும்புகளின் பின்புறக் கோடு முறியாமல் நேராக ஓடியதால் காயமல்ல என்று குழந்தைப் படங்களில் தேர்ந்த ரேடியாலஜி மருத்துவர் உறுதி செய்தார். குழந்தைப் படங்களைப் பார்த்துப் பழகாத கண் இதை இடப்பெயர்வு என்று படித்திருந்தால் தேவையற்ற எம்ஆர்ஐயும் நாள்கணக்கில் கழுத்துப் பட்டையும் வந்திருக்கும். படத்தைத் தேர்ந்தெடுப்பது போலவே, அதை யார் படிக்கிறார்கள் என்பதும் தீர்மானமாக வேண்டும்.

தொடைக்கு எக்ஸ்ரே கடைசியாக, இடுப்பு மூட்டையும் முழங்காலையும் சேர்த்து எடுக்கப்பட்டது. காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்ததால் அது காத்திருக்க முடிந்தது.

அதன் பிறகு எடுத்த படங்களும் எடுக்காத படங்களும்

மண்ணீரல் கிழிந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் அறுவைச் சிகிச்சையின்றியே குணமடைகிறார்கள். எத்தனையாம் நிலைக் கிழிசல் என்பதைவிட நாடி, அழுத்தம், ஹீமோகுளோபின் எப்படிப் போகின்றன என்பதே இன்று சிகிச்சையை வழிநடத்துகிறது. சிறுமியின் ஹீமோகுளோபின் ஒரு நாளில் நிலைப்பட்டது. மறுபடி ரத்தம் தேவைப்படவில்லை. மண்ணீரல் ஆறுகிறதா என்று பார்ப்பதற்காகச் சிடி மீண்டும் எடுக்கப்படவில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை.

தலை வேறு கதை. ஆறு மணி நேரத்தில் கிளாஸ்கோ 15க்கு உயர்ந்தது. ரத்தக்கட்டு சிறியது என்பதால் மறுபடி சிடி எடுப்பதில்லை, மணிக்கு ஒருமுறை நரம்பியல் பரிசோதனை என்று திட்டம் இருந்தது. பத்தாவது மணி நேரத்தில் சிறுமி மூன்று முறை வாந்தி எடுத்தாள். தூக்கம் கூடி மதிப்பெண் 14க்கு இறங்கியது. அப்போது ஒரு நிமிடமும் தயங்காமல் தலைக்கு மட்டும் சிடி மீண்டும் எடுக்கப்பட்டது. ரத்தக்கட்டு 7 மில்லிமீட்டர், நடுக்கோடு விலகவில்லை. நரம்பியல் அறுவை மருத்துவர்கள் தொடர்ந்து கவனிப்பதே போதும் என்றனர். விடிவதற்குள் மதிப்பெண் மறுபடி 15 ஆனது. படம் பெரிதாக எதையும் காட்டவில்லை என்பதை வைத்து அந்த இரண்டாவது சிடி வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மூளையுறைக்கு வெளியே ரத்தக்கட்டு இருப்பது தெரிந்த குழந்தையின் உணர்வு குறையும்போது, வளர்ந்திருக்கிறதா என்பதே உயிர்க் கேள்வி. கேள்வி எதுவுமின்றி வழக்கத்துக்காக எடுக்கப்படும் மறுபடங்களைத் தவிர்ப்பதன் பயனே, காரணத்தோடு வரும் மறுபடத்தைத் தயங்காமல் எடுக்க முடிவதுதான்.

கழுத்துப் பட்டை, சிறுமி தெளிவாகப் பேசத் தொடங்கி, நடுக்கோட்டில் வலி இல்லை என்று உறுதியாகி, கழுத்தைத் தானே இரு பக்கமும் திருப்பிக் காட்டிய பிறகு கழற்றப்பட்டது. நரம்புக் குறைபாடு ஏதேனும் இருந்திருந்தால், சிடி இயல்பாக இருந்தும் எம்ஆர்ஐ எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் தொடை எலும்புக்குள் வளையும் கம்பிகள் பொருத்தப்பட்டன.

இன்னொரு சூழலையும் சொல்லியாக வேண்டும். குழந்தை விபத்துச் சிகிச்சைக்கு வசதியில்லாத சிறு மருத்துவமனைக்கு இவள் முதலில் சென்றிருந்தால், அங்கே எல்லாப் படங்களையும் எடுத்து முடித்து அனுப்புவது உதவியாகத் தோன்றும். உண்மையில் அது மாற்றுவதைத் தாமதப்படுத்தும். பெரியவர்களுக்கான அளவில் எடுத்த படம் பெரிய மையத்தில் மறுபடி எடுக்கப்படுவதும் உண்டு. மார்பு எக்ஸ்ரேயோடு நிறுத்தி, ரத்தத்தைத் தொடங்கி, உடனே அனுப்புவதே மேல். அங்கேயே உடனடி முடிவை மாற்றும் படம் ஒன்று எடுக்கப்பட்டிருந்தால், அறிக்கை மட்டும் போதாது; மூலப் படங்களும் குழந்தையோடு செல்ல வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் எடுத்த ஒவ்வொரு சிடியும் அதன் கதிர்வீச்சு அளவும், மார்புச் சிடி ஏன் எடுக்கப்படவில்லை என்ற காரணமும் எழுதப்பட்டன. மூன்றாம் நிலைக் கிழிசலுக்கு, நிலை எண்ணோடு 2ஐக் கூட்டும் கணக்கின்படி 5 வாரங்களுக்கு ஓட்டம், மரமேறுதல், மோதும் விளையாட்டு எதுவும் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. வயிற்று வலி கூடினாலோ தோளில் வலி வந்தாலோ, தலைவலியுடன் வாந்தி வந்தாலோ, எழுப்பக் கடினமாக இருந்தாலோ உடனே திரும்பி வர வேண்டும் என்றும், அப்படி வரும்போது இந்தச் சுருக்கத்தையும் படங்களின் வட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது.